சாணைச் சக்கரம் தேடிய கோடை

காலை நடைக்கு வருகிற நம் கூட்டத்தில் ஒருவர் நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார். பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது நகர மாட்டேன் என்கிறதாம். நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து கல் தேய்ப்பதைப் பார்த்து அவருக்கும் ஆசை வந்துவிட்டதாம். "மேடம், முதல்ல எந்தச் சக்கரம் வாங்கலாம், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் வீடு வந்துவிட்டது. மனிதர் கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடியே போய்விட்டார். என்னிடம் ஒன்றைக் கேட்டால் நான் எங்கே ஆரம்பித்து எங்கே போவேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத்தான் பாவம் தெரியவில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தி தீட்டுகிற சாம்பல் நிறச் சக்கரத்தை வாங்கிவிடாதீர்கள், அது இரும்புக்கு. கல்லுக்குக் கறுப்பு அல்லது பச்சைச் சக்கரம். கையில் தாராளமாகப் பணம் இருந்தால் வைரத்தூள் பதித்தது. சக்கரத்தின் மேல் எண் போட்டிருக்கும். எண் குறைந்தால் கரடு, கூடினால் நைஸ். கரடில் ஆரம்பித்து நைஸில் முடிக்க வேண்டும், நடுவில் ஒரு படியையும் தாண்டக்கூடாது. தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது. இதெல்லாம் நான் யூடியூபில் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை. என் அப்பாவும் அம்மாவும் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்களே, அப்போது தெரிந்துகொண்டது.

நன்னிலம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கல் கிடையாது. கிணறு வெட்டினாலும் களிமண், இல்லாவிட்டால் மணல். மாங்காய் அடிக்க மண்ணாங்கட்டிதான். அது கிளையில் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து எறிந்தவர் கண்ணிலேயே விழும். ரோடு போட ஜல்லி வந்து கொட்டினால் ஊரே போய்ப் பார்க்கும். வீடு கட்டுகிறவர்கள் தாங்கள் வாங்கிய ஜல்லியைக் காவல் காத்துப் படுத்திருப்பார்கள்.

அம்மா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்தது தஞ்சாவூருக்கு மேற்கே, வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில். அங்கே மழை பெய்து ஓய்ந்தால் தரையெல்லாம் கூழாங்கல். வெளியே பார்த்தால் பழுப்பும் அழுக்குமாக உருளைக்கிழங்கு போலக் கிடக்கும். ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டால் உள்ளே கண்ணாடி. சிலதில் புகை அடைத்த மாதிரி நிறம், சிலதில் லேசாக ஊதா. அம்மா சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவற்றை ஒரு சாக்கில் கட்டிக் கல்யாணச் சீரோடு கொண்டுவந்துவிட்டாளாம். பாத்திரம் என்று நினைத்துச் சாக்கைத் தூக்கிய மாமனாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். இதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரிப்பாள்.

மத்தியானம் வேலை எல்லாம் முடிந்து, ஊர் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், ஓர் உடைந்த சாணைக்கல் துண்டை முன்னால் போட்டுக்கொண்டு உட்காருவாள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். ஒரு கல்லில் ஒரு பக்கம் வழவழப்பாக ஒரு மாதம்கூட ஆகும். ஆனதும் என்னை எழுப்பி, "பாப்பா, கண்ணு தொறந்துடுச்சு பாரு" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. என்னிடமும் இன்றுவரை கிடையாது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்பா ரைஸ் மில்லில் ஃபிட்டர். பெல்ட் அறுந்தாலும் மோட்டார் நின்றாலும் அவர்தான் போகவேண்டும். தலைமயிர், புருவம், காது மடல் எல்லாம் தவிடு. குளித்துவிட்டு வந்தாலும் புழுங்கல் நெல் வாசம் போகாது. எனக்கு அந்த வாசம் அப்படிப் பிடிக்கும். அதிகம் பேசமாட்டார், மனதில் இருப்பதை ஏதாவது செய்துதான் காட்டுவார். அங்கேதான் வந்தது வினை.

அந்தக் கோடையில் மாமா வீட்டில் காதுகுத்து. அம்மாவும் நானும் ஒரு வாரம் போயிருந்தோம். திரும்பி வந்து கொல்லைக் கதவைத் திறந்தால், அடிபம்பு! பச்சைப் பெயிண்ட் அடித்த கைப்பிடி, சுற்றிலும் நாலடிக்கு நாலடி சிமெண்ட் மேடை. கொத்தனார் குந்தி உட்கார்ந்து தண்ணீர் ஓடப் பக்கத்தில் ஒரு கால்வாய் பூசிக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் தெரியாதவர் போலத் துண்டை உதறிக்கொண்டு நின்றார். அதுவரை அம்மா ஆற்று ஊற்றிலிருந்துதான் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, ஏங்க! சொல்லவே இல்லயே!" என்று ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்து அடித்தாள். தண்ணீர் வந்ததும் இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தாள். "கொஞ்சம்கூட உப்பில்ல!" என்று முகம் கழுவி, எனக்கும் கழுவிவிட்டாள். அப்பா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஊரிலிருந்து மூன்று புதுக் கற்கள் கொண்டுவந்திருந்தாள். "பாப்பா, இத நம்ம மூட்டையில போட்டுட்டு வா" என்றாள். விறகு வைக்கிற கொட்டகைக்குப் போனேன். சாக்கு இருந்தது. உதறி, நாலாக மடித்து, ஆணியில் மாட்டியிருந்தது.

"அந்த மூட்டையா யக்கா?" என்றார் கொத்தனார், பூசுகிற கரணையை நிறுத்தாமல். "ஜல்லி ரெண்டு சட்டி பத்தாமப் போச்சு. அண்ணந்தான் எடுத்துக் கொடுத்தாங்க. நல்ல கெட்டிக் கல்லு யக்கா, ஒண்ணு விடாமப் போட்டாச்சு. மேடை அசையாது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சும்மாதானே கெடந்துச்சு. கல்லுதானே..." என்றார்.

இப்போது யோசித்தால் அவர் பக்கமும் எனக்குப் புரிகிறது. கல்லே இல்லாத ஊரில் பிறந்தவருக்குக் கல் என்றால் அஸ்திவாரம், மேடை, வாசற்படி. அப்பேர்ப்பட்ட பொருள் கொட்டகையில் வீணாகக் கிடக்கிறதே என்று அவளுக்காகக் கட்டுகிற மேடையிலேயே போட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தார். அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. அம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள், முகத்தில் இருந்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. எனக்கு அப்பாவை அடிக்க வேண்டும்போல இருந்தது.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோறு போட்டாள், வேட்டி துவைத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. நடுவில் நான். "உங்கப்பாவச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாவ ரசம் ஊத்தச் சொல்லு." இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்குச் செய்தி சொல்வது என்ன பிழைப்பு! நானும் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்வேன். "அப்பா, அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடறாங்க, பசிக்குமாம்" என்பேன். இரண்டு பேருக்கும் காது கேட்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒருநாள் தலை பின்னிவிடும்போது அம்மா சொன்னாள். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள உனக்கு டி.சி. வாங்கிடணும். மாமா ஊர்ல சேத்துடறேன்."

"அப்பா?"

"அவருக்கு மில்லு இருக்கு."

டி.சி. என்றால் ஒரு தாள் என்று தெரியும். அந்தத் தாளை வாங்கிவிட்டால் இந்த வீட்டில் அப்பா மட்டும்தான் இருப்பார் என்பதும் புரிந்தது.

அப்பாவுக்கும் அது காதில் விழுந்திருக்க வேண்டும். ஜன்னலில் அம்மா வைத்திருந்த மூன்று கற்களில் ஒன்றை மறுநாள் காணோம். நான் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அறுவடை நெல் எல்லாம் அரைத்து முடிந்து மில் ஓய்ந்திருந்த நேரம். அரிசியை வெள்ளையாகத் தீட்டுகிற இயந்திரத்தின் மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே சுற்றுகிற எமரிக்கல் உருளையில் அப்பா கல்லை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கல்லுக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் நெருப்பு மாதிரி வெளிச்சம். மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு வாசம். புகையாகத் தூசி.

"அப்பா, அம்மா தண்ணி ஊத்தித்தான் தேய்ப்பாங்க" என்று கத்தினேன்.

"மில்லுக்குள்ள தண்ணியா? நல்லாச் சொன்ன போ! மொதலாளி என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாரு" என்று அவரும் கத்தினார். பாவம், அவர் பழகிய தொழில் அப்படி. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அரிசி கெட்டது, தவிடு கட்டி தட்டியது. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மில்லுக்குள் விடாமல் காத்தவர் கல்லுக்கும் அதையே செய்தார். டக்கென்று ஒரு சத்தம். கல் இரண்டாகப் பிளந்து ஒரு பாதி என் காலடியில் வந்து விழுந்தது. தொட்டால் சுட்டது.

நீங்கள் யாரும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சூடு ஏறினால் கல் பிளக்கும், அது போனால் போகட்டும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரும் வேண்டும், முகத்துக்கு நல்ல மாஸ்க்கும் வேண்டும். அப்பா அன்று சாயங்காலம் வரை இருமிக்கொண்டே இருந்தார்.

இரண்டு பாதியையும் தூக்குவாளியில் போட்டுக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். அம்மா எடுத்துப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு என்னிடம், "இது நெல்லு இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

அப்பா விடவில்லை. அடுத்த வாரம் தெருவில் சைக்கிளில் வந்த சாணை பிடிக்கிறவரை நிறுத்தி, அவர் சக்கரத்தில் இன்னொரு கல்லை வைத்தார். இந்தத் தடவை தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தார், அந்த மட்டில் புத்தி வந்திருந்தது. ஆனால் கல் தேயவே இல்லை. சக்கரம்தான் மழுங்கிப் பளபளவென்று ஆகிவிட்டது. சாணைக்காரருக்கு வந்ததே கோபம்! "அண்ணே, கத்தி கொண்டாங்க, அரிவா கொண்டாங்க, தீட்டித் தர்றேன். கல்லக் கொண்டாந்து எம் பொழப்புல மண்ணப் போடாதீங்க. இது இரும்புக்கு உள்ளது" என்று கத்தினார். கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

அன்று சாப்பிடும்போது அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு. நாளைக்குக் கும்பகோணம் போறேன், சக்கரம் வாங்க. எது நல்ல சக்கரம்னு எனக்குத் தெரியல." தெரியவில்லை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். காலையில் பார்த்தால் எனக்கு முன்பே தலைசீவிப் பூ வைத்துத் தயாராக நின்றாள்.

பஸ்ஸில் அவள் முன்னால், அவர் பின்னால். கும்பகோணத்தில் இரும்புச் சாமான் கடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். தூது வேலையிலிருந்து எனக்கு அன்று விடுமுறை, கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

"என்ன வேலைக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"கல்லு தேய்க்க" என்றார் அப்பா.

"மொசைக் தரைக்கா? அவங்கதான் இதெல்லாம் வாங்குவாங்க. கறுப்பு இருக்கு, பச்சை இருக்கு."

"ரெண்டுல எது கெட்டின்னு இவங்களக் கேளுங்க" என்றார் அப்பா.

"கெட்டியா இருந்தாப் போதுமான்னு அவரக் கேளுங்க" என்றாள் அம்மா. "தேயத் தேயப் புது மணல் வெளிய வரணும். தேயாத சக்கரம் கல்லத் தேய்க்காது. சாணைக்காரர்கிட்ட பாத்தாரே, மறந்துட்டாரான்னு கேளுங்க."

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அடக் கடவுளே" என்று முனகிக்கொண்டு பெஞ்சில் ஏறிச் சக்கரங்களை இறக்கினார்.

அம்மா ஒவ்வொரு சக்கரத்தையும் நடுத் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினாள். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது தட்டுவாளே, அதே மாதிரி. ணங் என்றால் நல்லது, டொக் என்றால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத விரிசல். இன்றைக்கும் நான் சக்கரம் வாங்கினால் இப்படித்தான் தட்டுகிறேன், நீங்களும் தட்டுங்கள். சுற்றும்போது சக்கரம் உடைந்தால் ஆளையே காயப்படுத்திவிடும். மூன்று எடுத்து வைத்தாள். கறுப்பில் கரடு ஒன்று, நடுத்தரம் ஒன்று, பச்சையில் நைஸ் ஒன்று. அப்பாவும் கடைசிச் சக்கரத்தைத் தன் விரலில் மாட்டித் தட்டிப் பார்த்தார். ணங் என்றது. அம்மாவைப் பார்த்தார். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய தையல் மிஷின் காலில் ஓர் அச்சைப் பொருத்தி, கரடான கறுப்பை மாட்டிக் கொடுத்தார் அப்பா. மேலே ஓட்டை போட்ட டப்பா, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அம்மா மீதியிருந்த ஒரு கல்லை வைத்து மிதித்தாள். ஒரு மாதத்தில் திறக்கிற கண் ஒரு மத்தியானத்தில் திறந்தது! அடுத்த நாள் நடுத்தரம், அதற்கடுத்த நாள் பச்சை. சக்கரம் மாற்றும் முன் ஒவ்வொரு தடவையும் கையையும் கல்லையும் கழுவினாள். கரடு மணல் ஒன்று ஒட்டியிருந்தாலும் நைஸ் வேலை முழுக்கக் கீறிவிடும். கடைசியில் பார்த்தால், அந்தக் கல்லுக்குள் இளம் ஊதாவில் ஒரு மேகம் நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் அப்பாவும் நினைத்தோம்.

அம்மா கல்லைத் துடைத்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே என் பாவாடை சட்டையெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. அதற்கு நடுவில் கல்லை வைத்து மூடினாள். "பாப்பா, நாளைக்கு டி.சி. வாங்க வர்றேன்னு பெரிய டீச்சர் வீட்டுல போய்ச் சொல்லிட்டு வந்துடு" என்றாள்.

நான் அழ ஆரம்பித்தேன். அப்பா எழுந்தார். கொட்டகைக்குப் போனார். வரும்போது கையில் சம்மட்டியும் உளியும் இருந்தன. நேராக அடிபம்பு மேடையில் போய் உட்கார்ந்தார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு பாப்பா" என்றார். "பம்பு போனாப் போகட்டும். அவ கல்லு எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துடறேன். அதுக்கப்புறம் போறதுன்னாப் போகட்டும்."

சம்மட்டியை ஓங்கினார்.

"ஒடைக்காதீங்க!"

அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடைக்காதீங்க. சிமெண்ட்டோட சேந்து எல்லாக் கல்லும் ஒடஞ்சு போயிடும். அதுங்களையும் ஒடைக்கணுமா?"

"வேற என்னதான் செய்யச் சொல்ற?" என்றார் அப்பா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாமச் செஞ்சுட்டேன்ம்மா."

"தெரியாமத்தான் செஞ்சீங்க. அதத்தான் என்னால தாங்க முடியல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மத்தியானம் மத்தியானம் உக்காந்து தேய்க்கறேன். என்ன தேய்க்கற, ஏன் தேய்க்கறன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? ஒரே ஒரு நாளு?"

அப்பா சம்மட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க, எப்படித் தேய்க்கறதுன்னு காட்டு" என்றார்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். உள்ளே போய் அந்தக் கரடான கறுப்புச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு வந்து, மேடையில் படுக்கப் போட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் வட்டமாகத் தேய்த்தாள். சாம்பல் கூழாகச் சிமெண்ட் கரைந்து வந்தது. கொஞ்சத்தில் மூச்சு வாங்கியது. "தள்ளு" என்று அப்பா வாங்கிக்கொண்டார். வெகுநேரம் தேய்த்தார். நான் பம்பு அடித்துக் கூழைக் கழுவிவிட்டேன். ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் பழுப்பாக ஏதோ தெரிந்தது. தேய்க்கத் தேய்க்க அகலமாகி, நடுவில் பழுப்பு விலகி, மேடைக்குள்ளிருந்து புகை நிறத்தில் ஒரு கண் திறந்தது.

மூன்று பேரும் தலையோடு தலை முட்ட அதன்மேல் குனிந்தோம். அம்மா விரலால் தடவினாள். "இது எங்க ஏரிக்கரை மேட்டுல எடுத்தது. நான் எட்டாவது படிக்கறப்ப. ஒரு பாம்பு வேற குறுக்க வந்துச்சு."

"பாம்பா? அப்புறம்?" என்றார் அப்பா.

அம்மா சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சக்கரத்தை எடுத்துக்கொண்டு, "இனிமே பச்சை போடலாமா?" என்றார்.

"அதுக்குள்ள பச்சையா? கறுப்புலயே இன்னும் கீறல் போகல."

"எங்க கீறல்? எனக்குத் தெரியலயே."

"உங்களுக்கு என்னைக்குத் தெரிஞ்சுது? நடுச் சக்கரத்த எடுங்கன்னா எடுங்க."

"மில்லுல எனக்கு இருவது வருச சர்வீசு. என்கிட்ட சக்கரத்தப் பத்திப் பேசற?"

"ஆமா, பெரிய சர்வீசு! மில்லுல வச்சு ஒரு கல்ல ரெண்டாக்கிக் கொண்டாந்தீங்களே, அந்தச் சர்வீசா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. நான் பம்புக் கைப்பிடியைப் பிடித்தபடி யார் எதைச் சொல்லி அனுப்புவார்கள் என்று காத்து நின்றேன். யாரும் என் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடியை விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுச் சிநேகிதி வாசலில் நின்று, "என்னடி உங்க வீட்டுல சத்தம்?" என்றாள்.

"எங்கம்மாவும் எங்கப்பாவும் சண்டை போடறாங்கடி!" என்று குதித்தேன். "நேரா போடறாங்க, ரெண்டு பேரும் நேரா!"